ஒரு வாசிப்பின் அளவு

ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் எடுக்கத் தொடங்குவது சிவகாசி அச்சகங்களின் நெடுநாளைய வழக்கம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்ற தேவையிலிருந்து கிளைத்து, பட்டாசுப் பெட்டிகளின் மேலட்டைகளால் வளம் பெற்று, பின்பு காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமுமாகத் தழைத்த அவ்வூர் அச்சுத் தொழில், இன்று கல்லையும் ஈய எழுத்தையும் விட்டு, கம்ப்யூட்டர் கோப்புகளின் மேல் நிற்கிறது. விருதுநகரை ஒட்டிய சூலக்கரைத் தொழிற்பேட்டை முதல் சிவகாசி வரையுள்ள இவ்வட்டாரத்தில், ஒரு லட்சுமி படமோ முருகன் படமோ தாளில் பதிவதற்கு முன்னால், அது கோடிக்கணக்கான எண்களின் வரிசையாக ஒரு டிஸ்க்கில் கிடந்து, வடிவமைப்பாளரின் கம்ப்யூட்டரால் ஒரு முறையும், வண்ணம் பிரிக்கும் நிரலால் மறு முறையும், பிளேட் எடுக்கும் யந்திரத்தால் இன்னொரு முறையுமாகப் பல தடவை படிக்கப்படுகிறது. அந்தப் படிப்பு எவ்வாறு நடைபெறுகிறது, ஒரு தடவைக்கு எவ்வளவு படிப்பது உசிதம் என்பதே நாம் ஆராயப் புகும் விஷயம்.

முதலில் கோப்பின் பருமனை மனத்தில் வாங்கிக்கொள்வோம். 20-க்கு 30 அங்குலத் தாளில் அச்சாகும் ஒரு படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வைத்தால், அகலத்தில் 6,000 புள்ளியும் உயரத்தில் 9,000 புள்ளியுமாக மொத்தம் 5 கோடியே 40 லட்சம் புள்ளிகள் ஆகின்றன. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளுக்கும் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் ஒதுக்கினால், கோப்பு 21 கோடியே 60 லட்சம் பைட். அதே படம் பிளேட்டுக்குப் போகும்போது அங்குலத்துக்கு 2,400 புள்ளியாக நுணுக்கப்படுகிறது. அப்போது மை உண்டா இல்லையா என்று சொல்ல ஒரு புள்ளிக்கு ஒரே பிட் போதுமாயினும், சுருக்காமல் வைத்தால் ஒரு நிறத்துக்கு 43 கோடியே 20 லட்சம் பைட்டும், நான்கு நிறத்துக்கும் சேர்த்து 172 கோடியே 80 லட்சம் பைட்டும் ஆகிவிடுகின்றன. ஒரே ஒரு தாளுக்கு இவ்வளவு.

ஒரு நிரல் இந்தப் பைட்டுகளைத் தானே நேராக டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. டிஸ்க், நினைவகம், திரை முதலிய பொதுச் சொத்துகளையெல்லாம் இயங்குதளமே தன் காவலில் வைத்திருக்கிறது. ஒரு நிரல் தவறிப்போய் மற்றொன்றின் உடைமையை அழித்துவிடாதிருக்க இந்த ஏற்பாடு மிகவும் அவசியமானது. ஆகையால் படிக்க விரும்பும் நிரல், தன் பங்கு நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, இன்ன கோப்பிலிருந்து இத்தனை பைட்டை இவ்விடத்தில் கொண்டுவந்து வைக்கும்படி இயங்குதளத்தை அழைக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்கிய இடத்தைத்தான் தொழில் தெரிந்தவர்கள் பஃபர் என்கிறார்கள். அழைப்பு வந்ததும் செயலியானது, தான் செய்துகொண்டிருந்த காரியத்தின் நிலையைப் பத்திரப்படுத்திவிட்டு, சாதாரண நிலையிலிருந்து அதிகார நிலைக்கு மாறி, கேட்ட கோப்பு எது, அது படிப்பதற்காகத் திறந்ததுதானா, எவ்விடம் வரை ஏற்கெனவே படித்தாயிற்று என்பவற்றையெல்லாம் சரிபார்த்து, வேண்டிய பைட்டுகளைப் பஃபரில் படியெடுத்து வைத்து, மறுபடியும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இவற்றுள் படியெடுக்கும் வேலை மட்டுமே கேட்ட அளவுக்கு ஏற்பக் கூடிக் குறைவது. மற்றவை யாவும், ஒரு பைட் கேட்டாலும் ஒரு லட்சம் பைட் கேட்டாலும், மாறாத செலவு. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பெயருள்ள செயலிக் குறைபாடுகள் வெளிப்பட்டபின், அவற்றுக்குப் பரிகாரமாக இயங்குதளங்களில் சேர்த்த பாதுகாப்புகளால் இந்த மாறாச் செலவு பல யந்திரங்களில் இன்னும் ஏறிவிட்டது.

இந்த வட்டாரத்தாருக்கு இதை விளக்கத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றே போதும். கைத்தொழிலாகத் தீப்பெட்டி செய்யுமிடத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக மருந்தில் நனைப்பார் எவருமில்லை. பள்ளமிட்ட சட்டங்களில் வரிசை வரிசையாகக் குச்சிகளை அடுக்கி இறுக்கி, அந்தக் கட்டை முழுவதையும் ஒரே முறையில் முக்கி எடுக்கிறார்கள். கையைத் தாழ்த்தி உயர்த்தும் சிரமம் ஒரு குச்சிக்கும் ஒன்றுதான், ஒரு கட்டைக் குச்சிக்கும் ஒன்றுதான் ஆதலால், அது அத்தனை குச்சிகளுக்கும் பங்கிடப்பட்டு, ஒரு குச்சியின் தலையில் விழும் பங்கு சொற்பமாகிவிடுகிறது. ஆயினும் கட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போக யாரும் துணிவதில்லை. ஒரு வரம்புக்கு மேல் அது கைக்கும் அடங்காது, மருந்துத் தட்டுக்கும் அடங்காது.

பஃபரின் கணக்கும் இதுவே. நம்முடைய காலண்டர் படத்தையே எடுத்துக்கொண்டு, ஓர் அழைப்பின் மாறாச் செலவு அரை மைக்ரோ விநாடி, அதாவது விநாடியின் இருபது லட்சத்தில் ஒரு பங்கு, என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பைட்டாகப் படித்தால் 21 கோடியே 60 லட்சம் அழைப்புகள். அவற்றின் செலவு மட்டும் 108 விநாடி. 4,096 பைட் கொள்ளும் பஃபரை வைத்தால் அழைப்புகள் 52,735 ஆகக் குறைந்து, செலவு விநாடியின் நாற்பதில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. 65,536 பைட்டானால் அழைப்புகள் 3,296. பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு மெகாபைட்டானால் 206. இனி, விநாடிக்கு 15 கோடி பைட் தரும் ஒரு சாதாரண ஹார்டு டிஸ்க்கிலிருந்து இக்கோப்பு வந்து சேரவே ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது என்பதை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பைட்டிலிருந்து 4,096 பைட்டுக்குப் போனபோது ஏறக்குறைய இரண்டு நிமிஷம் மிச்சப்பட்டது. 4,096-லிருந்து மெகாபைட்டுக்குப் போனபோது மிச்சப்பட்டது, மொத்த நேரத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. பஃபரை இரட்டிக்கும்போதெல்லாம் மாறாச் செலவு பாதியாகிறது என்பது உண்மையே. ஆனால் பாதியாவதற்கு மீதி இருக்கிறவரையில்தான் அதனால் பிரயோஜனம்.

இது ஏட்டுக் கணக்கு மாத்திரமன்று. யுனிக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி எழுதியவர்களில் தலைசிறந்தவர் என்று நான் மதிக்கும் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ், 1992-ல் வெளியான ‘அட்வான்ஸ்டு புரோகிராமிங் இன் தி யுனிக்ஸ் என்விரான்மென்ட்’ என்ற தம் நூலில், ஏறத்தாழ 15 லட்சம் பைட் கொண்ட ஒரு கோப்பை ஒரு பைட், இரண்டு பைட், நான்கு பைட் என்று இரட்டித்து இரட்டித்துப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைப் பட்டியலிட்டுக் காட்டினார். அட்டவணையின் மேற்பகுதியில் நேரம் மளமளவென்று சரிந்து, 8,192 பைட்டில் மிகக் குறைந்த நிலையை அடைந்து, அதற்கு மேல் அசையாமல் நின்றுவிட்டது. அவருடைய டிஸ்க் 8,192 பைட் கொண்ட பகுதிகளாக வகுக்கப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். அவர் 1999-ல் காலமானபின், ஸ்டீபன் ராகோ என்பவர் 2005-ல் அந்நூலைப் புதுப்பித்தபோது, 4,096 பைட் பகுதிகள் கொண்ட லினக்ஸ் யந்திரத்தில் இதே பரிசோதனையைச் செய்தார். இம்முறை சரிவு 4,096-ல் நின்றது. சரியான அளவு இன்னதென்று ஒரே எண்ணைச் சொல்லித் தரும்படி கேட்கும் மாணவர்களுக்கு, இவ்விரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதைவிடச் சிறந்த பதில் இல்லை.

இந்தப் பிரச்சினை யுனிக்ஸ் பரவுவதற்கு முன்பே இருந்தது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 என்ற பெரிய கம்ப்யூட்டர் நிறுவப்பட்ட காலம், தகவல்களைக் காந்த நாடாவில் சேமித்த காலம். நாடா ஓடத் தொடங்கி வேகம் பிடிப்பதற்கும், வேகம் தணிந்து நிற்பதற்கும் இடம் வேண்டியிருந்ததால், ஒவ்வொரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.6 அங்குலம் வெறும் நாடாவாக விடப்பட்டது. அங்குலத்துக்கு 1,600 எழுத்து கொள்ளும் நாடாவில், ஒரு துளை அட்டையின் 80 எழுத்துகள் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கில் அடங்கிவிடும். அட்டைக்கு ஒரு பகுதியாக எழுதினால், நாடாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கு வெற்றிடம். 2,400 அடிச் சுருள் முழுவதிலும் ஏறத்தாழ 35 லட்சம் எழுத்துகளே கொள்ளும். நூறு அட்டைகளை ஒரு பகுதியாகச் சேர்த்து எழுதினால், அதே சுருள் 4 கோடி எழுத்துகளுக்கு மேல் கொள்கிறது. அந்நாளைய நிரலாளர்களுக்குப் பகுதியின் அளவை நிர்ணயிப்பது விருப்பத்தைப் பொறுத்த காரியமாக இல்லை. அதைத் தவறாக எழுதினால் ஒரு சுருளில் முடிய வேண்டியது பன்னிரண்டு சுருளாகப் பெருகி, யந்திரமும் நின்று நின்று ஓடியது.

அப்படியானால் பஃபரை நூறு மெகாபைட்டாக வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா என்றால், தீரவில்லை. செயலிக்கு அருகிலேயே கேச் என்ற சிறிய, அதிவேகமான நினைவகம் இருக்கிறது. அதன் முதல் அடுக்கு பெரும்பாலும் 32 அல்லது 48 கிலோபைட். இரண்டாம் அடுக்கு 256 கிலோபைட் முதல் 2 மெகாபைட் வரை. இயங்குதளம் பஃபரில் கொண்டுவந்து வைத்த பைட்டுகள் இந்தக் கேச்சிலேயே சூடு ஆறாமல் இருக்கும்போது நிரல் அவற்றை எடுத்து வேலை செய்துவிட்டால் மிக்க லாபம். பஃபர் கேச்சைவிடப் பெரிதாகிவிட்டாலோ, கடைசிப் பைட்டுகள் வந்து சேர்வதற்குள் முதற் பைட்டுகள் வெளியே தள்ளப்பட்டு, தூரத்திலுள்ள பெரிய நினைவகத்திலிருந்து அவற்றை மறுபடியும் வரவழைக்க நேரிடுகிறது. இன்னொரு நஷ்டமும் உண்டு. பஃபர் நிரம்புகிறவரை நிரல் சும்மா காத்திருக்கிறது; நிரம்பியபின் நிரல் வேலை செய்கிறவரை டிஸ்க் சும்மா இருக்கிறது. அளவான பஃபராக இருந்தால், நிரல் ஒரு பகுதியை அரைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை இயங்குதளம் முன்கூட்டிப் படித்து வைத்துவிடும். லினக்ஸில் இவ்வாறு முன்கூட்டிப் படிக்கும் அளவு வழக்கமாக 128 கிலோபைட். கோப்புகளைத் திரையில் கொட்டும் ‘கேட்’ முதலிய க்னூ கருவிகளைப் பேணுவோர், பல யந்திரங்களில் அளந்து பார்த்து, 2009-ல் 32 கிலோபைட் என்றும், 2014-ல் 128 கிலோபைட் என்றும் தம் பஃபரை உயர்த்திக்கொண்டனர். யந்திரம் மாற மாற அவர்கள் மறுபடியும் அளந்து பார்க்கிறார்கள் என்பது என் மனத்துக்கு மிகவும் உகந்த செய்தி.

கோப்பு தன் டிஸ்க்கிலேயே இல்லாமல், அச்சகத்தின் மற்றோர் அறையிலுள்ள சர்வரில் இருக்குமானால், கணக்கு வேறுவிதமாகத் திரும்புகிறது. கேபிள் வழியே ஒரு கேள்வி போய்ப் பதில் வர, விநாடியின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், முன்கூட்டிப் படிக்கும் ஏற்பாடு இல்லாதபோது, 4,096 பைட் வீதம் கேட்பவர் நம் காலண்டர் படத்துக்காகப் பத்து விநாடிக்கு மேல் போக்குவரத்திலேயே செலவழிக்க வேண்டும். மெகாபைட் வீதம் கேட்பவருக்கோ அது விநாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கில் முடிந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் மாறி மாறிக் கேட்கும்போதும் நிலைமை இதைப் போன்றதே. நிமிஷத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் தட்டில், வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வந்து நிற்கச் சராசரியாக விநாடியின் 240-ல் ஒரு பங்கு ஆகிறது. அந்த அவகாசத்தில் டிஸ்க் ஓடிக்கொண்டே இருந்திருந்தால் 6 லட்சம் பைட்டுக்கு மேல் படித்திருக்கும். போக்குவரத்து எவ்வளவுக்கெவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கவ்வளவு சுமையும் கூட வேண்டும் என்பதே இங்கே பிரமாணம்.

சாதாரண நிரலாளர் பெரும்பாலோர் இதைப் பற்றிக் கவலைப்படாமலே காலந்தள்ள முடிவதற்குக் காரணம், 1975-ஐ ஒட்டி டென்னிஸ் ரிட்சி எழுதிய உள்ளீட்டு வெளியீட்டு நூலகமும் அதன் வழி வந்தவையுமே. நிரல் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டாலும், அந்நூலகம் திரைமறைவில் ஒரு பஃபர் நிறையப் படித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. சி மொழியின் க்னூ நூலகத்தில் இதற்குரிய பொது அளவு 8,192 பைட். ஆனால் இயங்குதளத்தை நேரே அழைக்கிறவர்களுக்கு இந்தக் காப்பு இல்லை. டிஸ்க்கை டிஸ்க்காகப் பிரதி எடுக்கப் பயன்படும் ‘டிடி’ கட்டளை, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 512 பைட் வீதமே எடுத்துச் செல்லும். அளவைச் சொல்லத் தெரியாமல் அதைப் பழித்தவர்கள் பலர்.

இதுவரை சொன்னவை எல்லா மொழிகளுக்கும் பொது. தமிழுக்கென்று ஒரு தனி விஷயம் இருக்கிறது. வேகத்தைவிட அதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-ல் வகுத்த யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘ச’ என்பது 224, 174, 154 என்ற மூன்று எண்கள். ஐகாரக் கொம்பு 224, 175, 136 என்ற மூன்று எண்கள். ‘சூலக்கரை’ என்ற ஊர்ப்பெயர் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ச, ஊகாரக் குறி, ல, க, புள்ளி, க, ர, ஐகாரக் கொம்பு என்று எட்டுக் குறி, 24 பைட். பஃபர்களின் அளவோ இரண்டை இரண்டால் பெருக்கி வந்த 4,096, 8,192, 65,536 என்பனவாகவே வழங்குகிறது. இரண்டின் பெருக்கத் தொடரில் எந்த எண்ணும் மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆகவே இடைவெளியின்றித் தமிழ்க் குறிகளே நிறைந்த கோப்பில் முதல் பஃபரின் விளிம்பு, எந்த அளவானாலும், ஒரு குறியின் நடுவிலேதான் விழும்.

கண்கூடாகப் பார்ப்போம். ‘சூலக்கரை’ என்பதையே இடைவெளியில்லாமல் திரும்பத் திரும்ப எழுதிய ஒரு கோப்பை 4,096 பைட் வீதம் படித்தால், 170 பெயர்கள் முழுமையாக வந்து, மீதி 16 பைட்டில் ‘சூலக்’ என்பதும், அடுத்த ககரத்தின் முதற் பைட்டான 224 என்ற ஓர் எண்ணும் வந்து நிற்கும். அதன் மற்ற இரண்டு பைட்டுகளும் அடுத்த வாசிப்பில் வரும். இரண்டு வாசிப்புகளையும் தனித்தனியே எழுத்தாக்கும் நிரல், ககரம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி இட்ட அந்தப் பழகிய உருவத்தைக் காட்டும். இனி, பெயர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டு எழுதினால் பெயருக்கு 25 பைட்; 163 பெயர்கள் போக மீதி 21 பைட், சரியாக ஏழு குறி. இம்முறை எந்தக் குறியும் உடையவில்லை. யந்திரம் ஒரு பிழையையும் கூறாது. ஆனால் முதல் பஃபர் ‘சூலக்கர’ என்று முடிய, ஐகாரக் கொம்பு தனித்து அடுத்த பஃபரின் தலையில் ஏறியிருக்கும். இவ்வாறு துண்டு துண்டாக எழுத்துகளை எண்ணும் நிரல் எண்ணிக்கையில் தவறும். சொல்லைத் தேடும் நிரல் அந்த 164-ஆவது சூலக்கரையைக் காணாமலே போய்விடும். ஒரு கோடி பைட் தமிழ்க் கோப்பை 8,192 வீதம் படித்தால் விளிம்புகள் 1,220; அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒரு குறியைப் பிளந்துகொண்டு விழும்.

பரிகாரம் கடினமானதன்று. யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு குறியின் தொடர்ச்சிப் பைட்டுகள் யாவும் 128-க்கும் 191-க்கும் உட்பட்டவை. தமிழ்க் குறியின் தலைப் பைட் எப்போதும் 224. பஃபரின் கடைசியிலிருந்து இரண்டு மூன்று பைட் பின்னோக்கி நடந்தால் தலைப் பைட் தென்பட்டுவிடும். முழுமை பெறாத குறியை நிறுத்தி வைத்து, அடுத்த வாசிப்பின் முன்னால் சேர்த்துக்கொண்டால் போதும். பைத்தான், ஜாவா முதலிய மொழிகளின் நூலகங்கள், உரைக்கோப்பாகத் திறந்தால் இதைத் தாமே செய்துவிடுகின்றன. ஆனால் மெய்யையும் அதன் உயிர்க்குறியையும் பிரியாமல் காப்பதை அவை செய்வதில்லை. அது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. கடைசி இடைவெளி வரையிலோ வரி முடிவு வரையிலோ மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை அடுத்ததோடு சேர்ப்பதே எல்லாவற்றிலும் சுலபமான வழி.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாகத் தமிழ் நூல்கள் கோப்புகளாகப் பெருகி வருகின்றன. நில ஆவணமும் வாக்காளர் பட்டியலும் பாடநூலும் அவ்வாறே. விருதுநகர்ப் பக்கத்துக் கல்லூரிகளிலும், வேறு எங்கும், இவற்றைக் கையாளும் நிரல்களை எழுதப்போகும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேகத்துக்காக 64 அல்லது 128 கிலோபைட்டில் தொடங்கி, உங்கள் யந்திரத்தில், உங்கள் கோப்பை வைத்து அளந்து பார்த்து, லாபம் நின்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன்பின், அதே நிரலை ஒரு பைட், இரண்டு பைட், ஐந்து பைட், ஏழு பைட் பஃபர்களோடு ஒரு தமிழ்க் கோப்பின் மேல் ஓட்டி, எல்லாவற்றிலும் விடை ஒன்றாகவே வருகிறதா என்று பாருங்கள். எந்த அளவிலேனும் ஓர் எழுத்து மாறினாலும், அந்த நிரலைத் திருத்தும் வரையில் யாருக்கும் கொடுக்காதீர்கள்.